இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம்

1.

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று ஒருநாள் தேடிக்கொண்டிருந்தேன். தூரத்தை வேகத்தால் வகுத்தால் முப்பத்தைந்து நிமிடம் வந்தது. கால அட்டவணையில் ஒரு மணி பத்து நிமிடம் என்றிருந்தது. மிச்சம் முப்பத்தைந்து நிமிடம் சும்மா கிடக்கிறதே, அதில் யாரையாவது உட்காரவைக்கலாம் என்று தோன்றியது.

2.

"சாம்பல் நிற வானத்தில் ஒரு" என்று ஆரம்பித்தேன். வேண்டாம். அன்று வெயில் பளிச்சென்று அடித்தது.

உட்காரவைத்தது ஒரு சர்வேயரை. நிலம் அளக்கும் உத்தியோகம். அவருடைய அக்காவுக்கு விமானம் என்றாலே கைகால் உதறும். [இருதய நோயைப் பிறகுதான் சேர்த்தேன். அக்கா மன்னிக்கவும்.] ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், தம்பிதான் தன் ஊருக்கு விமானத்தில் வரச்சொல்லி, போனில் பேசிப் பேசிக் கரைத்தார்.

"மேப்புல ஸ்கேல் வெச்சு அளந்துட்டேன்க்கா. முப்பத்தஞ்சு நிமிஷம். கண்ணை மூடிட்டு உக்காரு, எறங்கிடும்."

"டிக்கெட்ல ஒரு மணி பத்து நிமிஷம்னு போட்டிருக்கேடா?"

"ஆபீஸ்காரங்க கூட்டித்தான் போடுவாங்க. அரை நாள் வேலைக்கு நாங்க ரெண்டு நாள்னு எழுதலயா?"

3.

விமானம் இரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டதாகப் பலகை சொன்னது. இரண்டு முப்பத்தைந்துக்கு, அக்காவைக் கூட்டிப்போக வந்து காத்திருந்த சர்வேயர் எழுந்து நின்றார். கண்ணாடிக்கு அப்பால் ஓடுபாதை காலி. இரண்டு ஐம்பதுக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேண்டாம் வேண்டாம் என்றவரை ஏற்றிவிட்டது அவர்தானே?

[இந்த இடத்தில் விமானத்தை விழவைக்கலாமா என்று யோசித்தேன். கதைக்குக் கனம் வரும். "ஒலிபெருக்கியில் ஒரு குரல் தழுதழுத்து" வரை எழுதி, அடித்துவிட்டேன். அடித்ததும் எனக்கே மூச்சு சீரானது.]

கவுண்டருக்கு ஓடினார்.

"ஏம்மா, பதினஞ்சு நிமிஷம் லேட்டு. யாரும் வாயே தொறக்க மாட்டேங்கறீங்க?"

"மூணு பத்துக்குத்தானே சார் வரணும்?"

"தூரத்தை நானே அளந்திருக்கேன்."

"கதவை மூடுறதுலேர்ந்து திறக்கிற வரைக்கும் எங்களுக்குக் கணக்கு சார். உருண்டு போகணும், மேல ஏறணும், காத்துக்கு ஏத்த மாதிரி சுத்தி வந்து எறங்கணும். நீங்க போட்ட கோட்டு மேலயே வந்து நிக்குமா?"

சர்வேயர் பொத்தென்று உட்கார்ந்தார். போன உயிரில் பாதி திரும்பியது. மீதி, மூன்று ஐந்துக்குச் சக்கரம் தரையைத் தொட்டபோது வந்தது.

4.

அக்கா நடந்தே வந்தார்.

"முப்பத்தஞ்சு நிமிஷமாடா? கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே வந்தேன். முப்பத்தாறு ஆனதும், சரி, போய்ச் சேரப்போறோம்னு முடிவே பண்ணிட்டேன்."

"ஐயோ! நெஞ்சு வலிச்சுதா?"

"நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல. பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட பேனா வாங்கி உனக்குக் கடுதாசி எழுதினேன்."

வாந்திக்கு வைத்திருக்கும் காகிதப் பை. மேலிருந்து கீழ்வரை பொடி எழுத்து. தம்பி படிக்கப் போனார். அக்கா கையைத் தட்டிவிட்டார்.

"நான் பக்கத்துல இருக்கும்போது படிக்காதே. பொழச்சு வந்தப்புறம் வெக்கமா இருக்கு."

5.

பையில் என்ன எழுதுவது? முதல் பிரதியில் பூராவும் திட்டு. இன்னொன்றில் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்ற தகவல் மட்டும். இரண்டும் பொய்யாகப் பட்டது. இப்போது கடைசி வரி இப்படி நிற்கிறது:

"நீ சொன்னதாலதான் ஏறினேன்டா, ஆனாலும் உன் மேல எனக்கு"

அதற்குள் விமானம் இறங்க ஆரம்பித்துவிட்டது. அக்கா பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் வைத்துவிடுகிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவசரமே இல்லை. அக்கா பத்திரமாக வந்து சேர்ந்தாயிற்று.