காய்ச்சல் இல்லாத நாள்

கையெழுத்தை வாங்காமல் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் டொக்டர் நடராசா கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். 1963ஆம் ஆண்டு, கார்த்திகை மாதம். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கருங்காலிக்குளம் குடியேற்றத்தின் வாய்க்கால்களெல்லாம் கரை முட்ட ஓடின.

அவர் கொண்டுவந்த பத்திரம் ஒரே பக்கம்தான். ஒக்டோபர் முடியப் பன்னிரண்டு மாதமாக இந்தப் பகுதியில் ஒரு மலேரியா நோயாளிகூட இல்லை என்று அது சொன்னது. வன்னியின் மலேரியாத் தடுப்புக்குப் பொறுப்பான டொக்டர் கமலாசனி அதில் கையெழுத்து வைத்தால், வீடுகளுக்கு மருந்து அடிப்பது நிற்கும், மருந்தடிக்கும் ஆட்கள் கலைக்கப்படுவார்கள். கமலாசனிக்கோ கொழும்பில் ஒரு பிரதிப் பணிப்பாளர் பதவி காத்திருந்தது.

குளக்கட்டின் அடியிலிருந்த சிகிச்சை நிலையத்தில் அன்று நோயாளிகள் கூட்டம். புதன்கிழமைகளில் மட்டும் கமலாசனி அங்கே வருவார். இரண்டு பேரும் ஒரே ஆண்டில் மருத்துவம் படித்தவர்கள் என்பதால் நடராசா வந்த கையோடே உரிமையாகக் கதைக்கத் தொடங்கினார்.

"பேனை இல்லையெண்டால் என்ரையைத் தாறன், கமலாசனி."

"பேனை இருக்கு. முதல் இதைப் பாருங்கோ."

நுணுக்குக்காட்டியின் முன்னாலிருந்த அப்துல் மஜீத் எழுந்து கதிரையை விட்டுக் கொடுத்தார். முல்லைத்தீவுக்காரரான மஜீத்தின் வேலை, கண்ணாடித் துண்டில் தடவிய இரத்தத்தில் மலேரியாக் கிருமியைத் தேடுவது. நடராசா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்திலிருந்த சிரிப்புக் குறைந்திருந்தது.

"எத்தினை?"

"இந்த மூண்டு கிழமையிலை எடுத்த தொண்ணூற்றொண்டிலை பதினாலு" என்றார் மஜீத்.

"ஒரு வருசமாய் ஒண்டும் இல்லாமல் இருந்து, மூண்டு கிழமையிலை பதினாலோ?"

"ஒரு வருசமாய்ப் பார்க்கேல்லை" என்றார் கமலாசனி. "பிழை என்ரை."

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றறிக்கை எழுதியவர் அவர்தான். ஒரு துண்டை ஒழுங்காகப் பார்த்து முடிக்கப் பத்து நிமிடம் வேண்டும். ஒருவர் நாள் முழுக்க இருந்தாலும் ஐம்பதுக்கு மேல் தாண்டாது. வருகிற எல்லாருடைய இரத்தத்தையும் எடுத்தால் மஜீத்தின் கண் தாங்காது. ஆகவே, வெப்பமானியில் நூறு பாகைக்கு மேல் காட்டுகிறவர்களிடம் மட்டும் இரத்தம் எடுங்கள் என்று எழுதினார். கடதாசியில் அது நல்ல யோசனையாகவே இருந்தது.

ஆனால் இந்தக் காய்ச்சலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒருநாள் நடுக்கி எடுக்கும். அடுத்த நாள் ஒன்றும் இல்லாததுபோல் விட்டுவிடும். அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடி வரும். விட்ட நாளிலும் கிருமி இரத்தத்திலேதான் இருக்கும், உடம்பு மட்டும் சுடாது. அந்த ஒழுங்கைக் குடியேற்றத்துச் சனங்கள் டொக்டரைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். ஆறாம் வாய்க்கால் கரை வீடுகளிலிருந்து இங்கே நாலு கட்டை, அதாவது நாலு மைல், நடக்க வேண்டும். எந்த நாளில் நடக்கலாம் என்று கணக்குப் பார்த்தே புறப்பட்டார்கள்.

வரிசையில் நின்ற இரஞ்சிதத்தைக் கமலாசனி கூப்பிட்டார். வடமராட்சியிலிருந்து காணி கிடைத்து வந்து ஆறாம் வாய்க்காலில் வயல் செய்கிற பெண். மூன்று கிழமைக்கு முன் பிள்ளைக்கு மருந்து வாங்க வந்தபோது இந்தக் கணக்கைப் போட்டு உடைத்தவர் அவர்தான்; அன்றிலிருந்துதான் சூடு பார்க்காமல் எல்லாரிடமும் இரத்தம் எடுத்தார்கள்.

"இண்டைக்குக் காய்ச்சல் இருக்கோ?"

"இல்லை, டொக்டரம்மா."

"நேற்று?"

"நேற்று மூண்டு சாக்குப் போர்த்தும் கட்டில் ஆடினது."

"அப்ப நேற்றெல்லோ வந்திருக்க வேணும்?" என்று நடராசா குறுக்கிட்டார்.

இரஞ்சிதம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நடுங்கிக்கொண்டு நாலு கட்டை நீங்கள் நடப்பியளோ, ஐயா? நேற்று வந்தால் வாய்க்காலுக்கைதான் கிடந்திருப்பன். வருத்தக்காரர் சுகமாய் இருக்கிற நாளிலைதானே ஆசுப்பத்திரிக்கு வரேலும்?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மஜீத் வாயைப் பொத்திக்கொண்டார்.

நடராசா பத்திரத்தை மறுபடி எடுத்தார். குரலைத் தாழ்த்தினார். "நீர் கண்டுபிடிச்சது நவம்பரிலை. இது ஒக்டோபர் வரைக்கும். அதிலை உம்மடை பதிவுகள் பூச்சியம் எண்டுதானே சொல்லுது? பொய்யொண்டும் எழுதச் சொல்லேல்லை."

"காய்ச்சல் விட்ட நாளிலை சூடு பார்த்து வந்த பூச்சியம் அது. அதை நான் பூச்சியம் எண்டு சொல்லமாட்டன்."

"நாடு முழுக்க மலேரியா ஒழியுது எண்டு எல்லாரும் எங்களைப் புகழுகினம். பதினாலு பேருக்காக நிப்பாட்டுறதோ?"

"நுளம்பு கடிச்சுக் குடிச்ச இரத்தத்திலையிருந்து கிருமி அதுக்குள்ளை முத்தப் பத்துப் பன்னிரண்டு நாள் வேணும். அதுக்கிடையிலை நுளம்பு எத்தினையோ தரம் சுவரிலை இருக்கும். மருந்து இருக்கிற சுவரெண்டால் அதிலையே செத்துப்போம். மருந்தை நிப்பாட்டினால் பன்னிரண்டு நாளும் சீவிக்கும். பிறகு பதினாலு, நூற்றி நாற்பதாகும். அப்ப நீங்கள் வேறை பத்திரம் கொண்டு வருவியள்."

"உம்மடை சுற்றறிக்கை பிழையெண்டு எழுத்திலை குடுத்தால் கொழும்புக் கதிரை உமக்கு இல்லை, தெரியுமோ?"

"இங்கையும் ஒரு கதிரை இருக்கு. ஒரு கால் ஆடும், அவ்வளவுதான்."

கமலாசனி பத்திரத்தை வாங்கினார். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில், 'என் அறிவுறுத்தல் பிழையானது. நோய் இருக்கிறது. மருந்தடிப்பு நிற்கக்கூடாது' என்று எழுதிக் கீழே முழுப் பெயரையும் பதவியையும் போட்டார். நடராசா அதைச் சுட்ட சட்டியைப் பிடிப்பதுபோல் நுனியில் பிடித்து வாங்கினார்.

"இண்டையோடை பம்புகளை ஒப்படைக்கச் சொல்லித்தான் கொழும்பு உத்தரவு. அதை மீறி மருந்து அடிச்சால் நான் அறிக்கை எழுத வேண்டி வரும்."

"எழுதுங்கோ. மேசை அந்தப் பக்கம்."

பம்புகளை ஒப்படைக்கவென்று வெளியே லொறியில் காத்திருந்த மருந்தடிக்கும் ஆட்களின் மேற்பார்வையாளர் சின்னராசா தலையைச் சொறிந்தார். "வாயாலை சொன்னால் காணாது, அம்மா. நாளைக்கு என்னைத்தான் பிடிப்பினம்."

கமலாசனி கட்டளையை எழுதிக் கொடுத்தார். "பிடிச்சால் இதைக் காட்டும். ஆறாம் வாய்க்காலிலையிருந்து தொடங்குவம். நானும் வாறன்."

நடராசா அறிக்கையை எழுதி முடிக்கப் பின்னேரம் மூன்று மணியாயிற்று. கொழும்புக்குத் திரும்ப நெடுங்கேணி வீதிக்கு ஏறுவதென்றால் ஆறாம் வாய்க்கால் கரையால்தான் போக வேண்டும். மருந்து அடிப்பதற்கு வீட்டிலுள்ள எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். முற்றமெல்லாம் மழைச்சேறு. ஆகவே பதினொரு வீட்டுச் சாமான்களும் கரைப் பாதைக்கு வந்திருந்தன. நெல்மூட்டை, பாய், சட்டி பானை, கட்டில், ஓர் அலுமாரி, அதன் மேல் ஒரு கோழி.

ஜீப் நின்றது. வழி விடச் சொல்லிக் கோன் இரண்டு தரம் அடித்தது. கோழி மட்டும் இறங்கிப் போனது.

கமலாசனி பக்கத்தில் வந்தார். சேலைத் தலைப்பில் வெள்ளையாக மருந்து படிந்திருந்தது. "நான் உத்தரவை மீறினதை எழுதிப்போட்டியளோ?"

"எழுதிப்போட்டன்."

"எத்தினை வீடு எண்டு போட்டனீங்கள்?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

"பதினொண்டு முடிஞ்சுது. இருட்டுறதுக்குள்ளை இன்னும் ஒன்பது. இருபது எண்டு போடுங்கோ, குறையாது."

நடராசா கோனில் மறுபடி கையை வைக்கப் போனார். இரஞ்சிதம் நெல்மூட்டையின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ, ஐயா. சுவர் காயட்டும்."