நூல் விடுகிற தயிர்

மலேசியாவில், புலாவ் செபாங் ஊரில், எங்கள் வீட்டுத் தயிர் ஒன்றரை வருடமாக நூல் விட்டது. கரண்டியைத் தூக்கினால் தயிரும் கூடவே எழுந்து வரும். புளிப்பும் இல்லை, நாற்றமும் இல்லை. எனக்குப் பிடித்தே இருந்தது. பக்கத்து வீட்டு ஜெயமணி மட்டும் உறைக்கு வாங்கிப் போன மறுநாள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னக்கா, உங்க தயிரு சளி மாதிரி இழுக்குது?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு என் மனைவி கமலவேணி அவளிடம் பேசுவதை நிறுத்தினாள். இவளுக்குக் கோபம் வந்தால் முதலில் பேச்சு நிற்கும், பிறகு குழம்பில் உப்புக் கூடும். தின்பது நான்தான்.

எங்கள் மகள் நளினிக்கோ அந்தத் தயிர்தான் படிப்பே. பல்கலைக்கழகத்தில் பாக்டீரியா ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் தயிரில் இருக்கும் ஒரு பாக்டீரியா, பாலின் சர்க்கரையை எடுத்துச் சரம் சரமாகக் கோத்துத் தன் உடம்புக்கு மேலே சட்டையாகப் போட்டுக்கொள்கிறதாம். காய்ந்து போகாமல் காப்பாற்றுவது அந்தச் சட்டை. நூல் விடுவதும் அதனால்தான்.

போன வெள்ளிக்கிழமை முகம் வாடி வந்தாள்.

"லேப்ல நல்லா தீனி போட்டு வளத்தேன்பா. சொகுசு கண்டதும் சட்டைய கழட்டிப் போட்டுடுச்சு. ஃப்ரீசர்ல வச்சதும் அப்படித்தான். திங்கக்கெழம ப்ரொபசர்கிட்ட காட்டலன்னா ஒரு வருச வேல போச்சு. நல்லவேள, வீட்ல தயிரு இருக்கு."

ஃப்ரிஜ்ஜைத் திறந்து கரண்டியைப் போட்டாள். தயிர் கட்டியாக, ஒழுங்காகத் துண்டு விழுந்தது. ஒரு நூல்கூட இல்லை.

"அம்மா, இது நம்ம தயிரு இல்லலா!"

கமலவேணி பெருமையோடு நின்றாள். "பின்ன? பெரிய படிப்பு படிச்சவங்க பாக்கப் போற தயிரு. நம்ம மானம் போவக்கூடாதுன்னு பழச கொட்டிட்டேன். இது சூப்பர்மார்க்கெட் தயிருல உறை ஊத்துனது. சட்டிய சுடுதண்ணி ஊத்திக் கழுவிட்டேன்."

நளினி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த சிரிப்பு அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்தத் தயிர் இனி ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கலாம். அது மூவருக்கும் தெரியும். வாயைத் திறக்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

கமலவேணி ஒரு கிண்ணத்தை எடுத்தாள். "நான் போறேன்" என்றேன். "பேசாம இருங்க" என்று வேலியோரம் போய் நின்றாள்.

"ஜெயமணி... அந்த இழுக்குற தயிரு இருக்கா?"

ஜெயமணி உள்ளே போய்ச் சட்டியோடு வந்தாள். கரண்டியைத் தூக்கினாள். தயிர் நூலாகக் கிண்ணத்தில் இறங்கியது. நளினி அழுத கண்ணோடு கைதட்டினாள்.

"நீ கொட்டலையா?" என்றாள் கமலவேணி.

"எதுக்குக்கா கொட்டணும்? எம் புள்ள தர்ஷன் இது இல்லாம சோறு திங்க மாட்டேங்குறான். தெனமும் இதுலதான் உறை ஊத்துறேன். இழுக்குதுன்னுதானே சொன்னேன், வேணாம்னா சொன்னேன்?"

கமலவேணி கிண்ணத்தை மகளிடம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, இன்னொரு கிண்ணம் எடுத்துட்டு வாங்க. நமக்கும் உறைக்கு வேணும்."