சூடாமணி போட்ட தட்டு

ராஜா போய் மந்திரிகள் வந்த புதிதில், கரமனை அக்ரகாரத்துப் பெண்டுகள் செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில் கூடிக் கைவேலை செய்யும் மாதர் சமாஜத்துக்குச் செல்லபாய்தான் எல்லாம். பேருக்குக் காரியதரிசி; அவள் கண்ணசைக்காமல் அங்கே ஒருத்தி ஊசியில் நூல் கோக்க முடியாது. பேரன் பேத்தி எடுத்த மாமிகள்கூட அவளை எதிர்த்து வாய் திறக்க மாட்டார்கள். பால்யத் தோழி சூடாமணிக்கு மட்டும்தான் அந்தப் பயம் கிடையாது.

சாயம் ஏற்றிய ஜவ்வரிசியை ஒட்டி ஆரத்தித் தட்டில் மயில் போடுவதில் சூடாமணியை அடிக்க ஆளில்லை. செல்லபாய்க்குப் பேத்தி பிறந்தபோதே, "இவ கல்யாணத்துத் தட்டெல்லாம் என் கையாலேயாக்கும், கேட்டியோ!" என்று சொல்லி வைத்தவள். அந்தப் பேத்திக்கு வரன் பார்க்க ஆரம்பித்த சமயம் பார்த்தா சூடாமணியின் புருஷன் போய்ச் சேர வேண்டும்?

புருஷனின் வருஷாப்திகம் கழித்து, கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், நெற்றியில் வெறும் விபூதியோடு, ஜவ்வரிசி டப்பாவும் கையுமாகச் சமாஜத்துக்கு வந்து நின்றாள் சூடாமணி. கூடத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். கல்யாணத் தட்டைக் கைம்பெண் தொட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? செல்லபாய்க்கு இதுதான் கவலை. ஆனால் எதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிற சாமர்த்தியசாலி ஆயிற்றே! தோழியை வாசலுக்கு அழைத்துப் போய்க் காதோடு சொன்னாள்.

"நீ ஆத்திலே வச்சுப் போட்டுத் தாடி. நம்ம சமாஜத்துச் சுப்புலக்ஷ்மி போட்டதா நான் சொல்லிக்கறேன். வெறுதே எதுக்கு ஒரு வம்பு?"

சூடாமணி அவள் முகத்தையே பார்த்தாள். "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் தட்டுகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "எங்க சுப்புலக்ஷ்மி கைவேலை" என்றாள் செல்லபாய். சுப்புலக்ஷ்மி தலையைக் குனிந்துகொண்டாள். சூடாமணி கல்யாணத்துக்கே வரவில்லை.

அடுத்த செவ்வாயும் அவள் வரவில்லை. செல்லபாய் பட்சணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வீடு பூட்டிக் கிடந்தது. பம்பாயிலிருந்து பிள்ளை வந்து கூட்டிப் போய்விட்டானாம், இனி அங்கேதானாம். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாளே! செல்லபாய் பட்சணத்தைக் கையில் பிடித்தபடியே நேரே சமாஜத்துக்குப் போனாள்.

"அந்தத் தட்டெல்லாம் சூடாமணி போட்டது. நீங்கள்லாம் ஏதாவது சொல்லுவேளேன்னு பயந்து மறைச்சுட்டேன்" என்று எல்லார் முன்னிலும் அழுதாள்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. சுப்புலக்ஷ்மிதான் மெல்ல வாய் திறந்தாள்.

"எல்லாருக்கும் தெரியும், மாமி. சூடாமணி மாமி கை எங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கு டப்பாவோட வந்து நின்னப்போ மாமிக்கு இடம் விட நாங்க நகர்ந்துகூட உக்காந்தோம். நீங்க என்ன சொல்லுவேளோன்னுதான் வாயைத் திறக்கல்லே."

செல்லபாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அப்போ நான் ஒருத்திதானா? அவளை வேண்டாம்னது நான் ஒருத்திதானா?"