தபால்காரர் வீட்டு நேரம்

தபால்காரர் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கிய வாரத்திலிருந்து அவர் வீட்டுக்குள் நேரம் மெதுவாகப் போயிற்று. அதற்கு முன் அவர் இதயம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை கடிதப் பையோடு நடுத்தெருவில் சுருண்டு விழுந்தார். மாத்திரை அந்த ஓட்டத்தைக் கட்டிப்போட்டது. கைகால் சில்லிட்டன, படியேறினால் மூச்சு வாங்கியது, ஆனால் ஆள் பிழைத்துக்கொண்டார். இதயத்தோடு வீடும் நிதானப்பட்டதை முதலில் கண்டுகொண்டவள் அவர் மனைவி. ரொட்டிக் கடையில் கல்லாவில் இருந்தவள் ஒரு காலை வழக்கம்போல வேலைக்குப் போனபோது, "நாலு நாளா எங்கம்மா போயிருந்தீங்க?" என்றார் முதலாளி. அவளுக்கு ஓர் இரவுதான் கழிந்திருந்தது. அந்த மாதமே வேலை போயிற்று.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. "சிலருக்கு இப்படி ஆகறதுண்டு. அளவைக் குறைச்சுப் பார்ப்போம்" என்றார். குறைத்ததும் வீடு தெருவை ஏறக்குறைய எட்டிப் பிடித்தது. இதயமும் பழையபடி துள்ளத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் முன்பிருந்த அளவுக்கே திரும்பினார்கள். "நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. அடக்கி வச்சது மொத்தமா அவிழ்த்துக்கிட்டு ஓடும்" என்று எச்சரித்து அனுப்பினார்.

வெளியூரில் இருந்த மகள் மாதம் ஒருமுறை வந்தாள். அம்மாவுக்கு அது வாரம் ஒருமுறை. இதில் ஒரு லாபம் இருந்தது என்று அம்மா நினைத்தாள், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை. முந்தின நாள் ஒரு தூக்கம் போட்டால் கல்யாணமே முடிந்துவிடுமே என்று தபால்காரருக்கு உதைப்பு. மனைவிக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினார். ஒரே மாலையில் உருளைக்கிழங்கு முளைவிட்டது, ரொட்டியில் பூசணம் பிடித்தது, ஜன்னல் திரைகள் வெளுத்தன. விளக்கேற்றுவதற்குள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மகள் கல்யாணப் புடவையோடு மருத்துவமனைக்கு ஓடிவந்தாள். அவருக்கு மறுபடி மாத்திரை கொடுத்தார்கள்.

"நீயாவது என்கூட வந்துடும்மா. அவரைப் பார்த்துக்க ஆள் வைக்கலாம்" என்றாள் மகள். அம்மா பெட்டி கட்டினாள். தெருவில் இறங்கி நின்று ஜன்னல் வழியே பார்த்தாள். உள்ளே அவர் அவளைக் கூப்பிட வாயைத் திறந்துகொண்டிருந்தார், திறந்துகொண்டே இருந்தார். அவள் பெட்டியோடு திரும்பி ஏறினாள்.

"நான் போயிட்டா, அவர் கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்டி" என்றாள். அதன்பின் வாசலைத் தாண்ட அவளுக்குப் பயமாக இருந்தது. உள்ளேயே இருந்தால் பெண்ணின் வாழ்க்கை கைநழுவும். வெளியே போனால் புருஷன் பின்தங்கிவிடுவார். சமைத்தாள், துவைத்தாள், தெருவில் குழந்தைகள் மளமளவென்று பெரியவர்களாவதைப் பார்த்தாள். பேரன் தவழ்ந்து வந்தான்; கொஞ்ச காலத்திலேயே மீசையோடு வந்தான்.

ஒரு மதியம் மகள் நரைத்த தலையோடு வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் இதயம்தான் அவளுக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த அதே மாத்திரையை உள்ளங்கையில் வைத்திருந்தாள். "சாப்பிடட்டுமாம்மா?"

"மந்தமா இருக்கும். கை சில்லுனு போகும். ஆனா உயிரோட இருப்ப" என்று அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மகள் விழுங்கினாள். அங்கேயே தங்கியும் விட்டாள்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் இருவரையும் அக்கா தங்கை என்றே நினைத்தார்கள். யார் மூத்தவர் என்று யாராவது கேட்டால் அம்மா சற்று யோசித்து மகளைக் காட்டுவாள். மகளும் மறுப்பதில்லை.