பதினொரு வீட்டுக் கிளைகள்

...இருபது, இருபத்தொன்று, இல்லை, அது மூச்சு இல்லை, இறகை ஊதிப் பார்க்கிறாள், ஊதுவதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லித் தரவில்லை, சரி, முதலிலிருந்து, ஒன்று, இரண்டு... இல்மோ மேசைக்கடியில் கைக்கடிகாரத்தை மறைத்து வைத்துக்கொண்டு மகளின் ஸ்வெட்டரையே பார்த்தான், நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது, விலாவுக்கு நடுவில் குழி விழவில்லை, விழுந்தால்தான் பயப்பட வேண்டும் என்று டாக்டர் சொன்னார், விழாதபோது எப்படிப் பயப்படுவது என்பதை இல்மோ தானாகவே கற்றுக்கொண்டான். சமையலறை மேசை முழுக்க மஞ்சளும் பச்சையுமாக இறகுகள், கிரேப் காகிதச் சுருள், பசை, மொட்டு விட்ட வில்லோ கிளைகள், ஒவ்வொரு மொட்டும் சாம்பல் நிறத்தில் பூனைக்குட்டியின் பாதம் மாதிரி. ஏழு வயது ஐலி இறகுகளை நூலால் கட்டினாள், நான்கு வயது சைமி இறகுகளைத் தன் காலுறையில் ஒட்டினாள், இருவரில் சைமிதான் அதிகம் சாதித்திருந்தாள். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள் ஐலி. பிப்ரவரியில் ஒரு சாதாரணக் காய்ச்சலாக வந்து, நிமோனியாவாகி, நுரையீரலைச் சுற்றி நீர் கட்டி, விலாவில் குழாய் போட்டு, அந்தக் குழாயின் மறுமுனையில் ஒரு பெட்டி குமிழி விட்டுக்கொண்டே இருந்தது, மீன்தொட்டி மாதிரி என்று ஐலி சொன்னாள், மீன் எங்கே என்று கேட்டாள், அவன் வெளியே தாழ்வாரத்துக்குப் போய் காபி இயந்திரத்தின் முன்னால் நின்று, எந்தப் பொத்தானையும் அழுத்தாமல், நெடுநேரம் காபிக்காகக் காத்திருந்தான்.

இப்போது வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஓடலாம், படியேறலாம், வெளியே போகலாம், பள்ளிக்கும் போகலாம் என்று இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "ரெண்டு டாக்டர் சொல்லியாச்சு, மூணாவது டாக்டர் நீயா?" என்றாள் ரெய்யா நேற்று, அவன் மனைவி, பல் மருத்துவமனை உதவியாளர், மற்றவர்கள் வாயைத் திறந்து வைத்திருக்கும்போது பேசியே பழகியவள், அதனால் அவள் சொல்வதற்கு யாரும் பதில் சொல்வதை எதிர்பார்ப்பதில்லை. இன்று அவளுக்கு அவசரப் பிரிவில் ஞாயிறு முறை. போகும்போது வாசலில் நின்று, "இல்மோ, அவ பின்னாலேயே மூச்சு விடாம அலையாத, அவளை விட்ரு" என்றாள். விட்டுவிட்டுத்தான் இருக்கிறேன், பார், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், நடுவில் ஒரு முழு மேசை இருக்கிறது... இன்று குருத்தோலை ஞாயிறு. பின்லாந்தின் இந்த யோவென்சுவில் குருத்தோலைக்கு எங்கே போவது, முற்றத்தில் இன்னும் கரும்பனி குவியலாகக் கிடக்கிறது, ஆகவே வில்லோ. பிள்ளைகள் சூனியக்காரி வேஷம் கட்டி, தலையில் துண்டும் கன்னத்தில் சிவப்புப் பொட்டுமாக, கையில் பழைய காபிக் கெண்டியோடு வீடுவீடாகப் போய், கதவைத் திறப்பவரைக் கிளையால் தடவி, வரும் வருஷம் முழுக்கப் பச்சையாக, நோயில்லாமல் இருக்கச் சொல்லிப் பாடி, கிளையைக் கொடுத்துவிட்டு மிட்டாய் வாங்கி வருவார்கள். கிளை வெட்டக் கூட நிலத்துக்காரரிடம் அனுமதி வேண்டும், இல்மோ வாங்கினான், தொலைபேசியில், அந்த ஆள், "எத்தனை கிளை?" என்று கேட்டார், "பதினொண்ணு," "பன்னெண்டா வெட்டிக்கோ, ஒண்ணு முறிஞ்சா?" என்றார், இந்த நாட்டில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் காட்டக்கூடிய அன்பின் உச்சம் அது.

பதினொரு வீடு, பதினொரு கிளை. மாடிக்கு இரண்டு வீடாகத் தரைத்தளத்தையும் சேர்த்து மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, அ படிக்கட்டில் ஆறு, ஆ படிக்கட்டில் ஆறு, அ-வின் இரண்டாவது மாடியில் ஒன்று இவர்களுடையது. எந்தக் கிளை யாருக்கு என்று ஐலி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே முடிவு செய்துவிட்டாள். முழங்கால் வலிக்கிற ஹெல்விக்குப் பச்சை இறகு, பழைய பஸ் ஓட்டுநர் ஆர்மாஸுக்கு நீலம், அவருடைய பஸ்ஸின் நிறம், எதிர்வீட்டுக் கர்வினென் தம்பதிக்கு இரண்டு இறகு, ஏனென்றால் அவர்கள் இரண்டு பேர். "பாட்டு நான்தான் சொல்வேன்," என்றாள் இப்போது தங்கையிடம், "நீ கெண்டியைப் பிடி." "நானும் சொல்வேன்." "நீ பாதியிலேயே மிட்டாய் கேப்ப." "நீ பாதியிலேயே மூச்சு வாங்குவ," என்றாள் சைமி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், காலுறையில் இறகை அமுக்கியபடி. இல்மோ பசையைக் கீழே வைத்தான். ஐலி எழுந்து நின்று, கையைப் பக்கவாட்டில் ஒட்டவைத்துக்கொண்டு, பாட்டை முழுக்கச் சொன்னாள், 'வருஷம்' வந்த இடத்தில் நின்று, ஒரு மூச்சு இழுத்து, பிறகு முடித்தாள், ஒரே ஒரு மூச்சு, சென்ற வாரம் மூன்று... பத்தொன்பது நாள் எல்லாரும் அவள் கட்டில் பக்கத்தில் வந்து நின்று எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள், நர்ஸ், டாக்டர், பாதிரியார், கோமாளி வேஷம் போட்ட ஒரு ஆள், அந்த ஆளிடம் அவள் மரியாதையாக, "இன்னிக்கு வேணாம், நன்றி" என்றாள்.

அந்தச் செய்தியை அனுப்பியிருக்கக் கூடாதோ. இல்லை, நல்ல செய்திதான், பணிவான செய்தி, வியாழக்கிழமை மதியம், அலுவலகக் கழிவறையில் உட்கார்ந்து ஐந்து தடவை திருத்தி எழுதியது. கட்டடத்தின் குழுவில், வழக்கமாக யார் சைக்கிளைத் தப்பான இடத்தில் வைத்தது என்று மட்டுமே பேசப்படும் குழுவில்: அன்புள்ள அண்டைவீட்டாரே, ஐலி நலமாகி வருகிறாள், ஞாயிறு காலை வாழ்த்த வருவாள், உங்கள் வீட்டில் யாருக்கேனும் சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு அல்லது அவை வரக்கூடும் என்ற சந்தேகம் இருந்தால் தயவுசெய்து கதவைத் திறக்க வேண்டாம், இனிப்பைக் கைப்பிடியில் மாட்டிவிட்டால் போதும். பதில்களாகப் பதினொரு கட்டைவிரல் குறிகள் வந்தன. பதினொன்றையும் பார்த்தபோது அவனுக்குக் கண் கலங்கியது, நல்ல மனிதர்கள், எவ்வளவு நல்ல மனிதர்கள். ரெய்யாவிடம் சொல்லவில்லை, அவள் அந்தக் குழுவை ஓராண்டுக்கு மௌனப்படுத்தி வைத்திருக்கிறாள். சந்தேகம் என்ற சொல்லை மட்டும் எடுத்திருக்கலாமோ...

பத்து மணிக்குக் கிளம்பினார்கள். எதிர்வீட்டுக் கைப்பிடியில் ஒரு காகிதப் பை தொங்கியது, உள்ளே இரண்டு சாக்லேட் முட்டை. ஐலி மணியை அடித்தாள். உள்ளே நாற்காலி நகர்ந்தது, யாரோ மிகவும் கவனமாக நடமாடாமல் இருந்தார்கள், நடமாடாமல் இருப்பது நன்றாகவே கேட்டது. கதவின் கண்ணாடித் துளை இருண்டது, வெளுத்தது. "இல்லையோ," என்றாள் ஐலி. "முட்டை!" என்றாள் சைமி. மூன்றாவது மாடி, பதினெட்டுப் படி, ஐலி கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினாள், இல்மோ அவளுக்காகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான், அங்கே இரண்டு கதவு, இரண்டு பை. ஒன்றில் ஒரு சீட்டு, அழகான கையெழுத்தில்: இப்போது எனக்கு இருமல் இல்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை இருந்தது. இன்னொரு வீட்டில் மாணவர்கள் இருவர், உள்ளே இசை ஒலித்தது, மணி அடித்ததும் நின்றது, அவ்வளவு மரியாதை. இந்த ஊரில் ஒருவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று கேட்பது, பசித்தவரிடம் தயவுசெய்து சாப்பிடுங்கள் என்று கேட்பது மாதிரி, இது தனக்குத் தெரியாதா, இங்கேயே பிறந்து வளர்ந்தவன், கண்ணாடித் துளையில் பார்த்து எதிர்வீட்டுக்காரர் இறங்கிப் போகும்வரை குப்பைப் பையோடு உள்ளே காத்திருக்கிறவன்... கெண்டி நிரம்பிக்கொண்டிருந்தது, சைமி இதுவரை வாழ்ந்த ஞாயிறுகளில் இதுவே சிறந்தது என்று அறிவித்தாள். ஐலியின் கையில் அதே பதினொரு கிளை, ஒன்றுகூடக் குறையவில்லை. கன்னத்தில் வரைந்த பொட்டுக்கு மேலே முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. கீழே ஆர்மாஸ் வீட்டில் பைகூட இல்லை, ஒரு பக்கெட், அதற்குள் ஒரு கிலோ மிட்டாய், பஸ் நிறைய ஆள் வரும் என்று ஒரு ஓட்டுநரின் கணக்கு.

தரைத்தளத்தில் கடைசி, ஹெல்வி. மணி அடித்ததும் காலடி வந்தது, ஒரு கால் தரையில் பதிந்தும் மறுகால் இழுபட்டும், கதவுவரை வந்து நின்றது. ஐலி நிமிர்ந்து கிளையைத் தூக்கிப் பிடித்தாள். பிறகு, கதவின் நடுவிலிருந்த கடிதத் துளையின் தகடு கிறீச்சிட்டுத் திறந்தது.

"யாரு, சூனியக்காரிங்களா?"

"நாங்கதான். கதவைத் தெறங்க."

"தெறக்க மாட்டேன்டி கண்ணு. காலையிலேர்ந்து மூக்கு ஒழுகுது. சளியா, வெங்காயமான்னு தெரியல. உங்க அப்பாதான் எழுதியிருந்தாரே, சந்தேகம் இருந்தாலே தெறக்க வேணாம்னு. எனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான், வயசு எழுபத்தெட்டு."

அவ்வளவுதான். மற்ற நான்கு கதவுகளுக்குப் பின்னால் நான்கு வீட்டு மனிதர்கள் தங்கள் நல்ல மனதோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். ஐலி திரும்பிப் பார்த்தாள். அவன் காலணி நாடாவைப் பார்த்தான், அவிழ்ந்திருக்கவில்லை, இருந்தும் குனிந்து கட்டினான்.

"நீ எழுதினியா?"

"ஆமா."

"எல்லாருக்குமா?"

"குழுவுல... ஒருவேளை யாருக்காவது காய்ச்சல் இருந்து, உனக்கு மறுபடியும்..."

"அப்பா." அழவில்லை, அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருக்கலாம், தூக்குவது அவனுக்கு வரும். "இன்னிக்கு நான்தான் மத்தவங்களுக்கு நல்லாயிருங்கன்னு சொல்றது. என்னைய எப்படி இருக்கேன்னு யாரும் கேக்குற நாள் இல்ல இது."

ஒரு தகப்பன் இந்த இடத்தில் சொல்ல வேண்டியது ஏதோ இருக்கும், ரெய்யாவாக இருந்தால் சொல்லியிருப்பாள், வாய் திறந்தான், வந்தது, "ஜிப்பை மேல வரைக்கும் போடு" என்பது. அவள் போடவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கடிதத் துளைக்கு முன்னால் முகத்தை வைத்து, "கையை நீட்டுங்க," என்றாள். "எதுக்குடி?" "நீட்டுங்களேன்." துளைக்குள் நான்கு விரல்கள் தெரிந்தன, சுருக்கம் விழுந்த, வெங்காய வாசனை அடிக்கும் விரல்கள். பிறகு ஐலியின் விசாரணை: "கை கழுவினீங்களா?" "கழுவினேன் டாக்டரம்மா." ஐலி பச்சை இறகுக் கிளையால் அந்த விரல்களைத் தடவித் தடவிப் பாடினாள், வருஷத்தில் நிற்கவில்லை, அதற்கடுத்த சொல்லில் நின்றாள், ஒரு மூச்சு, முடித்தாள். கிளையைத் துளைக்குள் திணித்தாள், மொட்டு இரண்டு உதிர்ந்தது. "முழங்காலுக்கும் சேத்துத்தான்," என்றாள். உள்ளே ஹெல்வி மூக்கை உறிஞ்சினாள், இந்த முறை வெங்காயமும் இல்லை, சளியும் இல்லை என்று இல்மோவுக்குத் தோன்றியது, சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஐலி ஆர்மாஸ் கதவின் துளையைத் தட்டினாள், நீல இறகு உள்ளே போனது, உள்ளிருந்து, "எல்லாரும் ஏறியாச்சா? கதவ மூடவா?" என்று கேட்டார், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு இருமலாகும் என்று இல்மோ காத்திருந்தான், ஆகவில்லை. மறுபடி மேலே, பதினெட்டுப் படி, இன்னும் பதினெட்டு, மாணவர்களின் துளையில் ஒரு கை மட்டும் வராமல் இரண்டு கைகள் முட்டி மோதின. கர்வினென் தம்பதி கதவைக் கையளவு திறந்துவிட்டு, திறந்ததற்காக இல்மோவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்கள். அவன் பரவாயில்லை என்றான், என்ன பரவாயில்லை, எதற்குப் பரவாயில்லை, அவர்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து காபி வாசனை வந்தது, பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவர்கள் வீட்டுச் சுவரின் நிறத்தைப் பார்த்தான், மஞ்சள்.

முற்றத்தில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. கூரையிலிருந்து உருகிய பனி சொட்டியது, குளிர்காலத்தில் தூவிய சரளைக்கல் காலடியில் நெறுநெறுத்தது. ஆ படிக்கட்டின் வாசலில் ஐலி நின்று, மிச்சம் ஆறு கிளைகளை எண்ணிப் பார்த்து, "நீ இங்கேயே இரு," என்றாள். "நான் சும்மா பின்னால..." "இங்கேயே, அப்பா. சைமியைப் பிடிச்சுக்க, அவளுக்குக் கெண்டி கனக்குது." கதவு அவள் பின்னால் சாத்திக்கொண்டது, மெதுவாக, காற்றழுத்தக் கதவு, அவ்வளவு மெதுவாகச் சாத்தும் கதவுக்குள் ஒரு தகப்பன் தாராளமாக நுழைந்துவிடலாம், நுழையவில்லை. சைமி சைக்கிள் கம்பியில் சாய்ந்து நின்று நான்காவது முட்டையை உரித்தாள். அவன் போனை எடுத்தான், குழுவில், கதவைத் திறக்கலாம் என்று எழுதினான், அழித்தான், தயவுசெய்து திறக்கவும் என்று எழுதினான், அதையும் அழித்தான், இனி எதை எழுதினாலும் கீழ்ப்படிவார்கள், அதுதான் ஆபத்து. படிக்கட்டு ஜன்னல் இரண்டாவது மாடியில் திறந்திருந்தது. துளைத் தகட்டின் கிறீச், பாட்டின் முதல் வரி, ஏதோ ஆண்குரல், பிறகு ஒரு இருமல்.

ஒரே ஒரு இருமல். அவன் தலையைத் தூக்கினான், வலது கால் தானாகவே வாசற்படிக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரியின் சிறுவர் பிரிவில் எட்டு அறை, எட்டிலும் ராத்திரி பகலாக இருமினார்கள், தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் எது ஐலியுடையது என்று அவனுக்குத் தெரியும், வாயில் பிரஷ்ஷோடு ஓடியிருக்கிறான், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. இப்போது கேட்டது அவளா, கதவுக்கு அந்தப் பக்கத்து ஆளா... ஜன்னலையே பார்த்தான், இன்னொன்று வந்தால் சொல்லிவிடலாம், வரவில்லை, மேலே தகடு மூடியது, பூட்ஸ் சத்தம் அடுத்த மாடிக்கு ஏறியது. "யாருப்பா இருமினது?" என்றாள் சைமி, வாய் நிறையச் சாக்லேட்டோடு. தெரியல, என்றான், சொல்லிவிட்டு, வாசற்படியில் ஒரு காலும் சரளையில் ஒரு காலுமாக, தெரியவில்லையே என்று தனக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான்.