சட்டைப்பையில் இருந்த ரோட்டர்

என் பத்மினி காருக்கு முப்பத்தேழு வயது. எங்கள் கல்யாணத்தைவிட மூத்தது என்று என் மனைவி பஞ்சவர்ணம் குத்திக் காட்டுவாள். காட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தவன் இல்லை நான். ஆனால் வண்டிக்கு ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பேன், ஆயில் கம்பியை உருவித் துடைத்து அளவு பார்ப்பேன், கார்பரேட்டரில் கசிவு இருக்கிறதா என்று விரல் வைத்து முகர்ந்து பார்ப்பேன். அப்புறம் மஞ்சள் துணியால் துடைப்பு. கூரையில் தொடங்கிக் கீழே வரவேண்டும். கீழே தொடங்கினால் சக்கரத்து மண் துணியோடு மேலே ஏறிக் கோடு போட்டுவிடும். இதுகூடத் தெரியாதவன் பழைய வண்டி வைத்துக்கொள்ளக் கூடாது.

மைசூரில் எங்கள் மூன்றாவது கிராஸ் குறுகலான தெரு. வீட்டில் ஷெட் கிடையாது. வண்டி தெருவில், புங்கமரத்தடியில்தான் நிற்கும். அதனால் எனக்கு ஒரு பழக்கம். எஞ்சின் பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு கிண்ணம் இருக்கும். அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் பருமனில் பழுப்பாக ஒரு துண்டு. ரோட்டர் என்பார்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் எவனாலும் வண்டியைக் கிளப்ப முடியாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான் செய்வேன். திருடனுக்குப் பயந்து கற்ற வித்தை அது. அதைக் கொண்டு நானே ஒரு திருட்டுத்தனம் செய்வேன் என்று நினைத்ததில்லை.

வாரத்துக்கு ஒரு நாள் ஓடும் வண்டியில் பேட்டரி எப்படி நிற்கும்? இறங்கிவிடும். புதிது போட்டிருக்கலாம். எனக்கு மனசில்லை. நாலு பேர் பின்னால் தள்ள, நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறுமிக்கொண்டு கிளம்ப, தெருவே வாசலில் நின்று பார்க்கும். அந்தப் பெருமைக்காகத்தான் பேட்டரி மாற்றவில்லை. இதை இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன்.

தள்ள முதலில் வருபவர் கெம்பையன். தெருக்கோடியில் ஒற்றை அறை வீடு, கொத்தனார் வேலை. என்னைப் போலவே மார்டள்ளி கிராமத்துக்காரர். நான் இங்கே வந்து ஃபேக்டரியில் சேர்ந்து சூப்பர்வைசராகி ரிட்டயர் ஆனேன். அவர் வந்து இந்த ஊரில் பாதி வீடுகளுக்குச் சுவர் எழுப்பினார். முதல் ஞாயிறு அவர் தள்ள வந்தபோது கையில் சிமெண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. "கெம்பையா, அந்தக் கைய வெச்சா பெயிண்ட்ல கீறல் விழும்பா" என்று சொல்லி ஒரு மஞ்சள் துணியைக் கொடுத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. துணியை டிக்கியின்மேல் விரித்து அதன்மேல் கையை ஊன்றித் தள்ளினார். அன்றிலிருந்து அந்தத் துணியைத் துவைத்து மடித்துத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். ஞாயிறுதோறும் அதை எடுத்துக்கொண்டு வருவார். ஆறு வருஷம்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். மகள் தாரணிக்கு ஆவணியில் கல்யாணம். தட்டை நீட்டிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனைக்கக் கூடாதுங்க. சின்னதுல இருந்து எம்புள்ளைக்கு உங்க வண்டின்னா உசுருங்க. சத்திரத்துக்கு அதுல போனா..."

"இதென்னப்பா கேள்வி? வேற எதுல போவா? நானே ஓட்டறேன்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. வாக்குக் கொடுப்பதில் இருக்கும் சுகம் இருக்கிறதே, அதற்குக் கைக்காசு செலவே இல்லை.

அதற்குப் பிறகுதான் சனி பிடித்தது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் சீட்டுகளைப் பிரித்துப் புதிதாகத் தைக்கக் கொடுத்தேன். பாலேடு நிறத்தில் ரெக்சின், ஓரத்தில் சிவப்பு நூல். தைத்து வந்ததும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மேலே இருந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. பஞ்சவர்ணத்தை உட்காரவிடவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மார்டள்ளியிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். இறங்கிய வேகத்தில் என் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். வாய் நிறைய வெற்றிலையோடு ஒரு பெரியம்மா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "காலைல நாமெல்லாம் இதுலதான் போறமா?" என்று கேட்டாள். வெல்ல மிட்டாய் தின்ற ஒரு குழந்தை கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியது. செம்மண் ஒட்டிய எட்டுப் பத்துக் கால்களை எண்ணினேன். என் அம்மாவும் அப்படித்தான் வெற்றிலை போடுவாள், அதே மண்ணைத்தான் காலில் ஒட்டிக்கொண்டு நடந்தாள். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. பாலேட்டு நிற ரெக்சின்தான் கண்ணில் நின்றது.

விடிந்ததும் யாரும் பார்க்காத நேரத்தில் பானெட்டைத் திறந்து ரோட்டரை உருவிப் பட்டுச்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். "வண்டி கிளம்பலைப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அவர்கள் ஆட்டோ பிடித்துப் போய்விடுவார்கள். இவ்வளவுதான் என் திட்டம்.

கெம்பையன் பட்டுக்கரை வேட்டியில் மாப்பிள்ளை போல வந்தார். வண்டிக்கு மாலை கட்டினார்கள். தாரணி கூரைப்புடவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில், பிளாஸ்டிக் உறையின்மேல், நுனியில் உட்கார்ந்தாள். நான் சாவியைத் திருப்பினேன். கர் கர் என்று இழுத்துவிட்டு நின்றது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"என்னமோ தெரியலை கெம்பையா. கிளம்ப மாட்டேங்குது. ஆட்டோ பாத்துக்கோயேன்."

"பேட்டரி எறங்கியிருக்குமுங்க. நாங்க இல்லீங்களா? தள்ளிப் போடறோம், உக்காருங்கண்ணா" என்றார் அவர்.

ஐயோ, தள்ளுவார்கள் என்பதை நான் எப்படி மறந்தேன்? ஆறு வருஷமாகத் தள்ள வைத்தவன் நான்தானே! அப்போதாவது "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். போய் உட்கார்ந்தேன். தாரணி இறங்கி ஓரமாக நின்றாள். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கெம்பையன் இடுப்பிலிருந்து எதையோ உருவினார். மஞ்சள் துணி. மகள் கல்யாணத்தன்றும் அதை மடித்து இடுப்பில் செருகி வந்திருக்கிறார். டிக்கியின்மேல் விரித்துக் கையை ஊன்றினார்.

தெருக்கோடி வரை தள்ளினார்கள். கிளட்சை விட்டேன். வண்டி குலுங்கி நின்றது. திருப்பி இந்தக் கோடி வரை தள்ளினார்கள். நின்றது. வெற்றிலைப் பெரியம்மாகூடப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தோள் கொடுத்தாள். நான் சோக்கை இழுப்பதும் தலையை ஆட்டுவதுமாக நடித்தேன். மூன்றாம் தடவை, அதைச் சொல்லத்தான் எனக்குக் கூசுகிறது, தலையை வெளியே நீட்டி, "இன்னும் வேகமா தள்ளுங்கப்பா!" என்று கத்தினேன். ரோட்டர் என் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது.

கெம்பையனின் வேட்டியில் புகைக்குழாயின் கரி ஒரு முழம் இழுத்திருந்தது. மூச்சு வாங்க என் ஜன்னலுக்கு வந்தார். "பரவாயில்லீங்கண்ணா. பாவம், வயசான வண்டி. உங்க மனசுதான் எங்களுக்கு வேணும்" என்றார். பெயிண்டில் உரசாமல் மாலையை நிதானமாக அவிழ்த்து, அதைக் கொண்டுபோய் ஒரு ஆட்டோவின் முன்னால் கட்டினார். தாரணி ஆட்டோவில் ஏறும்போது வண்டியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அழுதுவிட்டாள் என்று பஞ்சவர்ணம் பிறகு சொன்னாள்.

நான் கல்யாணத்துக்குப் போனேன். வெட்கம் கெட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மணமக்கள் என் காலில் விழுந்தபோது குனிந்து அட்சதை போட வேண்டியிருந்தது. பையிலிருந்து ரோட்டர் விழுந்துவிடுமோ என்று ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் ஆசீர்வாதம் செய்தேன். உருகிப் போய்விட்டார் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

மறுவீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை தருண்குமாரைக் கெம்பையன் நேராக என் வாசலுக்கு அழைத்து வந்தார். அவன் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன், ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். எனக்கு இது தெரியாது.

"அண்ணன் அன்னிக்கு எவ்வளவு சங்கடப்பட்டாரு தெரியுங்களா மாப்ளே? கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றார் கெம்பையன்.

வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். கதவைத் திறந்துவிட்டேன். அவன் பானெட்டைத் தூக்கினான், ஒயர்களைத் தொட்டுப் பார்த்தான், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சார், ரோட்டரே இல்லயே."

"அப்படியா? எவனாவது திருடியிருப்பான்" என்றேன். ஒரு பொய்யில் காலை வைத்தவன் அடுத்ததில் முழங்கால் வரை இறங்கினேன்.

தருண்குமார் மூடியைத் திரும்பப் பொருத்தினான். "பானெட் திறக்கற கொக்கி உள்ள இருக்கு. கதவு பூட்டித்தான் இருந்துச்சு. கண்ணாடியும் உடையல. பேட்டரிய விட்டுட்டு இத மட்டும் எடுத்திருக்கான். பெரிய கில்லாடி சார் அவன்" என்றான். குரலை உயர்த்தவில்லை. மாமனார் பக்கம் திரும்பி, "சின்ன சாமான் மாமா. கிடைச்சா வண்டி ஓடும், அஷ்டே, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் என்னை நாலு பேர் முன்னால் கிழித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒரு வாரம் வண்டிப் பக்கமே போகவில்லை. ரோட்டரை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி மாற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்காதபோது பொருத்திவிட்டு, புதிது வாங்கினேன் என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். ஞாயிறு காலை கெம்பையன் வந்தார். தோளில் மஞ்சள் துணி. கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"அண்ணா, இதுதானுங்களான்னு பாருங்க."

பிரித்தேன். ரோட்டர்.

"நேத்து மத்தியானத்துக்கு மேல வேலைக்குப் போகலீங்க. மண்டி மொஹல்லா பூரா பழைய சாமான் கடையில ஏறி எறங்கிட்டேன். எல்லாரும் இந்த வண்டிக்கு இப்ப எங்க கெடைக்கும்னு சிரிக்கறாங்க. கடைசியில மல்லப்பன்னு ஒருத்தரு, ஒரு டப்பாவுல கைய விட்டு எடுத்துக் குடுத்தாருங்க. போட்டுப் பாருங்க."

அவர் வாங்கி வந்ததையே பொருத்தினேன். அவரும் அந்த வழியாக வந்த இரண்டு பேரும் தள்ளினார்கள். பத்தடிகூடப் போகவில்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது. கெம்பையன் கைதட்டிச் சிரித்தார். மற்ற இருவரும் போனதும் ஜன்னலில் கை வைக்காமல் குனிந்து சொன்னார்:

"இந்தத் துண்டு அன்னிக்கே இருந்திருந்தா, எம்புள்ள இதுல போயிருப்பாளுங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இறங்கினேன். பையிலிருந்ததை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, கெடைச்சிருச்சுங்களா? எங்க கெடந்துச்சு?"

அப்போதும் அவருக்குத் தோன்றவில்லை. நானே சொல்ல வேண்டியிருந்தது.

"தொலையவே இல்லை கெம்பையா. அன்னிக்கும் என் பாக்கெட்லதான் இருந்துச்சு. நான்தான் கழட்டினேன். சீட்டு அழுக்காயிடும்னு."

அவர் வண்டிக்குள் பார்த்தார். பிளாஸ்டிக் உறை வெயிலில் பளபளத்தது.

"நாங்க தள்ளும்போதுங்களா?"

"ஆமா."

"மூணு தடவையும்?"

"ஆமா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டால் நன்றாயிருக்கும் என்று நின்றேன். "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க. நாங்க ஆட்டோவுலயே போயிருப்போம். அந்தப் பெரியம்மாவுக்கு அன்னிக்குப் புடிச்ச இடுப்பு வலி இன்னும் விடலீங்க" என்றார். ரோட்டரைப் பானெட்டின்மேல் சத்தம் வராமல் வைத்தார். தோளிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து, உதறி, நாலாக மடித்து, அதன் பக்கத்தில் வைத்தார். பிறகு தெருக்கோடியைப் பார்த்து நடந்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. சத்தம் கேட்டுப் பஞ்சவர்ணம் வாசலுக்கு வந்தாள்.

"அட, கிளம்பிடுச்சே! கெம்பையனக் கூப்பிடுங்க, பாத்தா சந்தோஷப்படுவாரு."

"பாத்துட்டுதான் போறாரு" என்றேன்.