ஏடன் காற்று

என் மனைவி அலமேலுவின் தம்பி விநாயகம் ஏடனிலிருந்து கப்பல் வேலையை விட்டு வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். மறைப்பானேன்? எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் மின்சாரம் எட்டாத வீடுகளுக்கெல்லாம் ரேடியோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றித் தருபவன் நான். செத்த பேட்டரியைத் தூக்கிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். அந்த மரியாதையில்தான் இவன் கை வைத்தான்.

"அங்க மரம் இல்ல, தண்ணி இல்ல. ஆனா காத்து இருக்கே, ஓயவே ஓயாது! தொரை ஒருத்தரு கூரை மேல காத்தாடி வெச்சு பேட்டரி ஏத்துறாரு. அந்தப் பாலைவனக் காத்த முழுசா புடிச்சா ஊருக்கே லைட்டு எரிக்கலாம்" என்று அளந்தான்.

அளந்ததோடு நின்றானா? பழைய லாரி டைனமோவுக்குப் பலகை இறக்கை மாட்டித் தன் கூரையில் ஏற்றினான். மெர்டேக்கா என்கிற சுதந்திர விழாவைக் காற்றிலேயே ஓடும் ரேடியோவில் கேட்கலாம் என்று தெருவையே அழைத்தான். நானும் விடவில்லை. கடையில் பெஞ்சு போட்டு, கோப்பிக்குச் சொல்லி, அதே ஆட்களை அழைத்தேன். கூட்டம் யாரிடம் போகும் என்பதுதான் ஊர்ப் பேச்சு.

ஏடன் காற்று ஏடனில்தானே அடிக்கும்? இங்கே முருங்கை இலைகூட அசையவில்லை. காத்தாடி மரக்கட்டையாக நின்றது. விழாவுக்கு முந்தின நாள் அலமேலு தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஏங்க, தம்பிக்கு ஒரு பேட்டரி குடுங்களேன். மானம் போயிரும்."

"காத்துக்கிட்டயே போய்க் கேக்கச் சொல்லு!"

அவள் மறுநாள் காலையில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

என் ரேடியோ தெளிவாகப் பேசியது. பெஞ்சில் ஓர் ஆள்கூட இல்லை. பொறுக்கவில்லை. அவன் முகம் தொங்கிக் கிடப்பதையாவது பார்க்கலாம் என்று, ரேடியோவை அப்படியே பாடவிட்டு, அடுத்த தெருவுக்கு நடந்தேன்.

அங்கே தெருவே பாயில் உட்கார்ந்திருந்தது. ரேடியோ ஊமையாகக் கிடந்தது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. விநாயகம் கையை வீசி வீசி மணல் காற்றைக் காட்டிக்கொண்டிருந்தான். அலமேலு கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். என் பேச்சை ஒருநாளும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

"வாங்க அத்தான், உக்காருங்க" என்று நகர்ந்து இடம் விட்டான். நின்றேதான் கேட்டேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

"ராவுலயும் அடிக்குமா மச்சான், அந்தக் காத்து?"

கேட்டது நான்தான்.

அவன் வாயெடுப்பதற்குள் பெரிய ரோட்டுக் கோப்பிக் கடைகளிலிருந்து "மெர்டேக்கா!" என்ற கூச்சல் கிளம்பியது. பாயிலிருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். நாடு விடுதலையான சேதியை என் ரேடியோ காலிப் பெஞ்சுகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சத்தம் அடங்கட்டும் அத்தான், சொல்றேன்" என்றான் விநாயகம்.

எழுந்து போயிருக்கலாம். அந்தப் பாவி சொல்லப்போகும் பதிலுக்காக உட்கார்ந்தே இருந்தேன்.